'விண்டேஜ்' ஹெச்.எம்.டி வாங்கப் போறீங்களா? முதல்ல வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க!

மணி பார்க்க மொபைல் போதும். ஆனாலும், சாவி கொடுக்கிற பழைய வாட்ச் கட்டுறது இப்போ செம கெத்து! உங்களுக்கும் ஒண்ணு வாங்கணும்னு ஆசையா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். ஆன்லைன்ல 'விண்டேஜ்'னு வர்ற வாட்ச்கள்ல பலதுக்கு உடம்பு பழசு, முகம் மட்டும் புதுசு!

ஏன் ஹெச்.எம்.டி?

மத்திய அரசு நிறுவனமான ஹெச்.எம்.டி, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோட கைகோத்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர்னு ஒவ்வொரு மாடலும் ஹிட். மாப்பிள்ளைக்குச் சீர், ரிட்டையர் ஆகுறவருக்குப் பரிசு... எல்லாத்துக்கும் வாட்ச்தான்!

1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கினாங்க. ஓசூர் ஃபேக்டரியிலிருந்து வந்த பேட்டரி வாட்ச்கள் மார்க்கெட்டைப் பிடிச்சிடுச்சு. 2016-ல் ஹெச்.எம்.டி வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இன்னைக்கு அந்தப் பழைய வாட்ச்களைத் தேடித் தேடிச் சேர்க்குறாங்க.

சாவி கொடுத்தா என்ன நடக்குது?

பக்கத்துல இருக்கிற திருகைச் சுத்தும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுது. அது மெல்ல மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் ஓடுது. ஒரே சீரா ஓட வைக்கிறது, முன்னும் பின்னும் ஆடுற பேலன்ஸ் வீல். ஜனதா மாதிரி வாட்ச்ல மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. டயல்ல '17 ஜுவல்ஸ்'னு இருக்கா? விலை உயர்ந்த கல்லுன்னு நினைக்காதீங்க. உராய்வைக் குறைக்க வைக்கிற செயற்கை ரூபி அது.

பேட்டரி வாட்ச்ல இருக்கிற குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அதனால துல்லியம் அதிகம். சாவி வாட்ச் தினமும் சில விநாடிகள் முன்னே பின்னே போறது சகஜம். தினமும் காலையில ஒரே நேரத்துல சாவி கொடுங்க. இறுகினதும் நிறுத்திடுங்க.

முகம் மாறின வாட்சைக் கண்டுபிடிப்பது எப்படி?

கறை படிஞ்ச டயலைச் சுரண்டி, புது பெயின்ட் அடிச்சு, எழுத்தை மறுபடி அச்சடிச்சு விற்கிறதுக்கு 'ரீடயல்'னு பேரு. வேற வேற வாட்ச்சோட பாகங்களைச் சேர்த்ததுன்னா 'ஃபிராங்கன் வாட்ச்'.

* 40 வருஷ வாட்ச்னு சொல்றாங்க, டயல் மட்டும் பளபளன்னு பிங்க், ஆரஞ்சுன்னு மின்னுதா? சந்தேகப்படுங்க.
* போட்டோவை ஜூம் பண்ணுங்க. எழுத்து தடிமனா, கோணலா, மசி பரவின மாதிரி இருக்கா? நிமிஷக் கோடுகள் எண்களுக்கு நேரா இல்லையா? நோ சொல்லிடுங்க.
* பின்மூடியைத் திறந்து மெஷின் போட்டோ கேளுங்க. தர மறுத்தா விட்டுடுங்க.

கலர் பிடிச்சிருந்தா ரீடயல் வாங்குறதுல தப்பில்லை. ஆனா, ஒரிஜினலுக்கான விலையைக் கொடுக்காதீங்க.

முதல் வாட்ச் வீட்லயே இருக்கலாம்!

தாத்தா, அப்பாவோட வாட்ச் பீரோவுல தூங்குதா? எடுத்ததும் வேகமா சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ஞ்சு போயிருக்கும், அப்படியே ஓட்டினா பாகங்கள் தேயும். அனுபவமுள்ள வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்க. "சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் போடுங்கண்ணே, டயல்ல கை வைக்காதீங்க, பாலிஷும் வேணாம்"னு முதல்லயே சொல்லிடுங்க. புதுசாக்குறேன்னு டயலுக்கு பெயின்ட் அடிச்சுட்டா, பழைய முகம் திரும்ப வராது.

ஸ்ட்ராப் மட்டும் தாராளமா மாத்தலாம். ஸ்ட்ராப் மாட்டுற இடத்தோட அகலத்தை மில்லிமீட்டர்ல அளந்துட்டு வாங்குங்க. தண்ணி பட விடாதீங்க, ஸ்பீக்கர், காந்தம் பக்கத்துல வைக்காதீங்க. காந்தம் ஏறினா வாட்ச் வேகமா ஓடும்.

அப்புறம் ஒரு விஷயம்... அந்த வாட்ச் எப்போ, யார் வாங்கினது, எதுக்காகக் கிடைச்சதுன்னு வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு மொபைல்ல பதிவு பண்ணி வைங்க. ஆன்லைன்ல எவ்வளவு கொடுத்தாலும் அது கிடைக்காது பாஸ்!