ஸ்க்ரூஜ் இருக்கும்போது இன்னொரு கதை எதற்கு?

1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ வெளியானது. ஸ்க்ரூஜ் என்ற கருமியை ஆவிகள் வந்து திருத்தும் கதை. கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அச்சுச் செலவை ஏற்றிருந்த டிக்கன்ஸ் வண்ணப் படங்களுக்கும் பொன்முலாமுக்கும் தாராளமாகச் செலவழித்திருந்தார். லாபம் எதிர்பார்த்ததில் கால்வாசிகூடத் தேறவில்லை. கருமியைத் திட்டிய புத்தகம் அல்லவா!

அடுத்த மாதமே ஒரு பத்திரிகை அனுமதியின்றிக் கதையைச் சுருக்கி வெளியிட்டது. டிக்கன்ஸ் வழக்கில் வென்றார்; அந்தப் பத்திரிகையின் பதிப்பாளர்களோ திவாலானார்கள். சுமார் 700 பவுண்டு வழக்குச் செலவு அவர் தலையில் விழுந்தது.

புதுக் கதைகளையும் அவர் விடவில்லை. 1844 முதல் 1848க்குள் மேலும் நான்கு கிறிஸ்துமஸ் நூல்கள் எழுதினார். அப்போது நன்றாக விற்றவைதான். இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் சிலரே. 1853 முதல் மேடையேறி வாசித்தபோது அவரும் கரோலைத்தான் வெட்டி, சுருக்கி, நடித்துச் சொன்னார். 1870 மார்ச்சில் நடந்த கடைசி வாசிப்பிலும் அது இருந்தது.

சினிமா சும்மா விடுமா? 1901இலேயே ஸ்க்ரூஜ் மௌனப் படத்துக்கு வந்துவிட்டார். பிறகு மிக்கி மவுஸ் வந்தது, மப்பெட் பொம்மைகள் வந்தன. 1992இல் வந்த மப்பெட் படம் தனி ரகம்: சுற்றிலும் பொம்மைகள் கூத்தடிக்க, மைக்கேல் கெய்ன் துளியும் சிரிக்காமல் ஸ்க்ரூஜாக வாழ்ந்திருப்பார். உடுப்பை மட்டும் மாற்றிய பல தழுவல்களில் இந்தப் பிடிப்பு இல்லை.

புதுக் கதைக்கோ இடம் பிடிப்பதே பெரும்பாடு. அமெரிக்க எழுத்தாளர் பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய சிறுகதையை எந்தப் பதிப்பாளரும் வாங்கவில்லை. 1943 கிறிஸ்துமஸுக்கு அவரே 200 பிரதிகள் அச்சிட்டு, வாழ்த்து அட்டைபோல நண்பர்களுக்கு அனுப்பினார். அது ஃப்ராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) ஆனது. படம் போட்ட முதலை எடுக்கவில்லை.

1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். கட்டணம் இல்லை என்றதும் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. அந்த இலவச ஓட்டம் 1993இல் நின்றது. ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் படத்தின் மீது மீண்டும் உரிமை கோரியது. அதற்கு அது காட்டிய ஆதாரங்களில் முக்கியமானது, பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய அந்தச் சிறுகதையின் காப்புரிமை.