மாலுமிப் பாட்டனாரின் அட்டை

பங்குப் பதிவேடுகளின் மங்கிய மையோடு மல்லாடிப் பழகிய நமக்கும், பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பழைய ஏடுகள் முதலில் மலைப்பையே தருகின்றன. பாட்டனாரின் பெயர் இருக்கும்; கப்பலின் பெயர் இராது. அவ்விடத்தில் வெறும் எண்களே நிற்கும்.

அவ்வெண்களே திறவுகோல். 1855 முதல் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. உரிமையாளர் மாறலாம், கப்பலின் பெயரும் மாறலாம், எண் மாறாது. அக்காலக் கப்பற்பட்டியலில் அவ்வெண்ணைத் தேடினால் பெயர் வெளிப்படும். பிறகு அக்கப்பலின் மாலுமிப் பட்டியலைத் தேட வேண்டும். 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, இங்கிலாந்தில் இல்லை. அட்லாண்டிக்கிற்கு அப்பால் நியூபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன!

1918 முதல் 1921 வரை எழுதப்பட்ட அட்டைகளில் நிழற்படமும் உண்டு. பாட்டனாரைக் கண்டிராத பேரனுக்கு அதுவே முதற்சந்திப்பு.

ஆயினும், பணிச்சான்றில் கப்பல் தலைவர் இடும் ஈரெழுத்துகளே நெஞ்சைத் தொடுவன. ‘வி.ஜி.’ எனில் மிக நன்று. ‘டி.ஆர்.’ எனில் ‘கருத்துக் கூற மறுக்கிறேன்’ என்பதாகும். அடுத்த கப்பலில் வேலை கேட்டு நிற்பவனுக்கு அது பெரும் இடையூறு. குடியா, கைகலப்பா, தலைவரின் சினமா? சான்று சொல்லாது. அதைக் கண்ட குடும்பத்தார் மனமொடிவது இயல்பே. ஆனால் அக்கப்பலின் நாட்பதிவேடு எஞ்சியிருக்குமாயின், அதில் குற்றச்சாட்டோடு, அது வாசித்துக் காட்டப்பட்டபோது மாலுமி அளித்த மறுமொழியும் எழுதப்பட்டிருக்கும்.