சென்னைக்கு எது வேகம்?

பறப்பது 80 நிமிடம். வீட்டில் இருந்து கணக்குப் போட்டால்...?

"விமானத்தில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை!"

இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால், நாகர்கோவில்காரருக்கு அது பாதி உண்மை. ஏன் என்றால், குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது.

தூரம் எவ்வளவு?

நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் நேர்கோடு போட்டால் சுமார் 625 கிலோ மீட்டர். சாலையில் போனால் சுமார் 700 கிலோ மீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி, நெல்லை, மதுரை, திருச்சி என்று சாலை சுற்றிப் போகிறது. பறவைக்கு அந்தக் கவலை இல்லை!

தூரமான தலைநகரம்

ஒரு காலத்தில் குமரி மக்களுக்குத் தலைநகரம் பக்கத்திலேயே இருந்தது. அது திருவனந்தபுரம், 70 கிலோ மீட்டருக்குள். 1956 நவம்பர் 1-ந் தேதி குமரி தமிழகத்துடன் இணைந்தது. தலைநகரம் ஒரே நாளில் பத்து மடங்கு தூரமாயிற்று!

மக்கள் வருந்தினார்களா? இல்லை. அதற்காகத்தான் நேசமணி தலைமையில் போராடினார்கள். 1954-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிரும் கொடுத்தார்கள். தூரத்தைவிட மொழி பெரிதாக இருந்தது.

ஆனால், பயணம் எளிதாக இல்லை. நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் இடையே ரெயில் ஓடியது 1981-ல்தான். அதுவரை பஸ்சில் நெல்லைக்குப் போய், அங்கே சென்னை ரெயிலைப் பிடித்தார்கள்.

இன்று பஸ்சில் 12, 13 மணி நேரம். 2024 ஆகஸ்டு 31-ந் தேதி தொடங்கிய வந்தே பாரத் ரெயிலில் சுமார் 9 மணி நேரம்.

பறப்பவர் கணக்கு

விமானம் ஏற, நாகர்கோவில்காரர் திருவனந்தபுரம் போக வேண்டும். சென்னை வடகிழக்கே இருக்கிறது. அவரோ முதலில் வடமேற்கே போகிறார்! அதற்கு 2 மணி நேரம். சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது 2 மணி நேரம். பறப்பது ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல். இறங்கிப் பெட்டியை எடுத்து, ஊருக்குள் போக 1 மணி நேரம்.

கூட்டிப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதில் வானத்தில் இருப்பது கால் பங்குகூட இல்லை!

முதலில் சேருவது யார்?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மகன். இரவு 8 மணிக்கு ஊரில் இருந்து போன் வருகிறது. "அப்பாவுக்கு உடம்பு மோசம். உடனே புறப்பட்டு வா."

எதில் போவது?

காலை 5 மணிக்கு வந்தே பாரத் ரெயிலில் ஏறினால், நாகர்கோவில் சேரப் பிற்பகல் 2 மணி ஆகும். காலை 7 மணிக்கு விமானம் கிடைத்தால், வீடு போய்ச் சேர 11 மணி ஆகிவிடும். கிளாம்பாக்கத்தில் இரவு 9 மணிக்குப் பஸ் ஏறினால், காலை 9, 10 மணிக்கு அப்பாவின் கட்டில் அருகே நிற்கலாம்!

மூன்றிலும் மெதுவாகப் போவது பஸ்தான். ஆனால், முதலில் போய்ச் சேருவதும் அதுதான். அதே போன் விடியற்காலையில் வந்திருந்தால் விமானம் ஜெயித்திருக்கும்.

ஆகவே, அவசரம் வரும்போது, "எது வேகமாகப் போகும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எது முதலில் புறப்படும்?" என்றும் கேளுங்கள்.