அழாத குழந்தைக்கும் வலிக்கும்

டான்சில் அறுவை முடிந்து வார்டுக்கு வந்த ஐந்து வயதுக் குழந்தை அழவே இல்லை. எச்சிலை விழுங்காமல் வாயோரம் வழியவிட்டபடி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. “சமத்தா இருக்கே” என்று நாம் நிம்மதி அடைகிறோம். பயிற்சி பெற்ற செவிலியருக்கோ அந்த எச்சிலே சேதி: விழுங்கினால் வலிக்கிறது.

பச்சிளங்குழந்தைகளுக்கு வலி தெரியாது என்று 1980கள் வரை மருத்துவர்களே பலர் நம்பினார்கள். இந்திய மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. அறுவையின்போது தகுந்த வலிமருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்குச் சிக்கல்கள் குறைந்தன.

செவிலியருக்கு என்ன பயிற்சி?

முதலில், வலியை அளப்பது. பேச்சு வராத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. சற்றுப் பெரிய குழந்தை சிரிப்பு முதல் அழுகை வரையுள்ள முகப் படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டும். அடுத்தது, வலி முற்றும்வரை காத்திராமல் மருத்துவர் எழுதிய மருந்தை நேரப்படி கொடுத்து, பலன் கிடைத்ததா என்று மறுபடி அளப்பது. மார்ஃபின் போன்ற மருந்து கொடுத்தால் மூச்சையும் கண்காணிப்பது.

அமீரகம் போன்ற வளைகுடா நாட்டு வார்டில் செவிலியர் மலையாளியாகவோ பிலிப்பைன்ஸ் நாட்டவராகவோ இருக்கலாம். உங்கள் பிள்ளை வலியை ‘உவ்வா’ என்று சொல்லுமானால், அட்மிஷன் அன்றே அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் உரிமை

அமீரகத்தின் ‘வதீமா சட்டம்’ (2016) குழந்தைகளின் மருத்துவ உரிமையைக் காக்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: வலி மதிப்பெண் எவ்வளவு? அடுத்த மருந்து எப்போது? வீட்டில் இரவில் வலித்தால் யாரை அழைப்பது?

வீட்டில் கவனம்

பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. பனடோல், அடோல் இரண்டும் ஒரே மருந்துதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம். ஆஸ்பிரின் வேண்டாம். கோடீன், டிரமடால் 12 வயதுக்குட்பட்டோரின் மூச்சையே தடுக்கக்கூடியவை, அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவையும்கூட. ஊரிலிருந்து வருபவர் கையில் இவற்றைக் கொடுத்தனுப்பச் சொன்னால், விமான நிலையத்தில் அவர்தான் மாட்டிக்கொள்வார்.

கவனிக்காவிட்டால்?

பிள்ளை எப்போது வலி என்றது, மருந்து எப்போது வந்தது என்று நேரத்தோடு குறித்துவையுங்கள். முறையிட வேண்டியது முதலில் வார்டின் பொறுப்புச் செவிலியரிடம், அடுத்து மருத்துவமனையின் நோயாளர் குறைதீர்ப்புப் பிரிவில். அங்கும் தீராவிட்டால் துபாயில் சுகாதார ஆணையம் (800342), அபுதாபியில் சுகாதாரத் துறை, பிற அமீரகங்களில் சுகாதார அமைச்சகம்.

புகார் கொடுத்தால் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளைக்காகப் பேச அந்த அறையில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்.