இருட்டுக்குள் என்ன இருக்கிறது?



"அங்கே போகாதே, இருட்டிலே பூச்சாண்டி இருக்கிறான்!" பிள்ளையை வீட்டுக்குள் அடக்கிவைக்க நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வார்த்தை இது. சொன்ன நேரத்துக்குப் பலிக்கிறது. பிள்ளை உள்ளே ஓடிவந்துவிடுகிறது. ஆனால் பால்வெட்டுக்குப் போகும் குடும்பத்தில் தாயும் தகப்பனும் விடியுமுன்பே கிளம்பவேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அந்நேரம் கண்விழிக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு, பாட்டி பக்கத்திலே படுத்திருந்தாலும் பயம் போவதில்லை. நாம் குடிவைத்த பூச்சாண்டி மூலையில் நிற்கிறான் அல்லவா? அவனை விரட்ட அதட்டல் உதவாது. பிள்ளை தன் கையாலேயே சோதித்துப் பார்க்கவேண்டும்.

மூடியுள்ள அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலணி வரும் பெட்டி மிகவும் ஏற்றது. ஒரு பக்கத்தில் கண் வைத்துப் பார்க்குமளவு சிறு துளை போடுங்கள். மூடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டி, திறந்து மூடும்படி வையுங்கள். உள்ளே பால் மங்கு ஒன்றை வைத்துவிட்டு, பிள்ளையைத் துளையோடு கண்ணை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "ஒன்றுமே இல்லை" என்பான். இப்போது சன்னலைத் திறந்து டார்ச் விளக்கை அடியுங்கள். "மங்கு!" என்று கத்துவான். மறுபடி மூடுங்கள். "மங்கு எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பிள்ளை யோசிக்கட்டும். அவசரப்பட்டு விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். மங்கு எங்கும் போகவில்லை, வெளிச்சம்தான் போயிற்று என்று அவனே கண்டுபிடிப்பதில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. வெளிச்சம் ஒரு பொருளின்மேல் பட்டு, திரும்பி நம் கண்ணுக்கு வந்தால்தான் பொருள் தெரியும். இருட்டு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது.

"பூனைக் கண் இருட்டிலே மின்னுகிறதே?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். பூனையின் கண் தானாக ஒளி விடுவதில்லை. நம் விளக்கொளி அதன் கண்ணுக்குள்ளே போய்த் திரும்பி வருகிறது. அடைத்த பெட்டிக்குள் வைத்தால் பூனைக் கண்ணும் மின்னாது. (இதைச் சோதிக்கப் பூனையைப் பிடித்துப் பெட்டியில் போடவேண்டாம்!)

இரவில் சுவரில் நிழல் காட்டி விளையாடுங்கள். கையை விளக்கருகே கொண்டுபோனால் நிழல் பூதமாக வளரும். சுவரருகே கொண்டுபோனால் கையளவுக்குச் சுருங்கும். ஒளி நேர்கோட்டில் செல்வதால்தான் இப்படி. பூச்சாண்டியின் உயரம் இவ்வளவுதான் என்று பிள்ளை சிரிக்கும். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பயம் போனாலும் இரவில் வெளியே போகும்போது விளக்கு கட்டாயம் வேண்டும். பாம்பும் தேளும் பூச்சாண்டி அல்ல, அவை உண்மையாகவே இருக்கின்றன.

அடுத்து ஒரு தேங்காய். அதில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள்; அதுதான் நம் தோட்டம். இருட்டறையில் ஒரு பக்கமிருந்து விளக்கை அடித்தால் தேங்காயில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. மெல்லச் சுழற்றுங்கள். புள்ளி இருட்டுப் பக்கத்தின் ஓரத்துக்கு வரும்போது, "அம்மா கிளம்பும் நேரம் இது" என்று காட்டுங்கள். இன்னும் கொஞ்சம் சுழற்றினால் வெளிச்சம். இரவென்பது பூமியின் நிழல் பக்கத்தில் நாம் இருக்கும் நேரம். பூமி சுழலச் சுழல அது தானாகவே விலகிவிடும்.

பகலில் வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு, மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது; கண் கெட்டுவிடும். கோலாலம்பூர் வட்டாரத்தில் மார்ச் 28-ஐ ஒட்டியும் செப்டம்பர் 15-ஐ ஒட்டியும் நண்பகலில் குச்சிக்கு நிழலே இராது. சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஆனால் அதைக் காணப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் ஏமாந்துபோவீர்கள். 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே மதியம் ஒரு மணிக்கே பிள்ளையோடு குச்சியருகே நின்றுகொள்ளுங்கள். ஒன்றேகால் மணி சுமாருக்கு நிழல் குச்சியின் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.