முதல் கிட்டார் வாங்கப் போறீங்களா? கடையிலேயே இந்த ஒரு ரூபாய் டெஸ்ட்டை பண்ணிப் பாருங்க!

ஆசையாக வாங்கிய கிட்டார், மூன்றே மாதத்தில் பீரோ மேல் ஏறிவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். "பிள்ளைக்கு ஆர்வம் இல்லை" என்று பெற்றோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கிட்டார் கற்கத் தொடங்குபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் ஆண்டுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்று, அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி பேட்டிகளில் கூறியிருக்கிறார். நேரமில்லை, பொறுமையில்லை என காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் யாருமே சந்தேகப்படாத ஒரு காரணம் உண்டு. அது அந்த கிட்டாரேதான்.

விரல் வலிக்கு யார் காரணம்?

கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட். வீணையில் இருக்கும் மெட்டு மாதிரி. கம்பியை விரலால் அழுத்தி, ஃப்ரெட்டைத் தொடவைத்தால்தான் ஸ்வரம் வரும். இந்தக் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள உயரத்தை 'ஆக்‌ஷன்' என்பார்கள்.

ஆக்‌ஷன் அதிகமாக இருந்தால் இரண்டு பிரச்சனை. ஒன்று, விரல் நுனி தேவைக்கு மேல் வலிக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கம்பியை அதிக தூரம் கீழே அழுத்தும்போது அது இழுபட்டு, சுருதி லேசாக மேலே ஏறிவிடும். அதாவது, சரியான இடத்தில் விரல் வைத்தாலும் அபஸ்வரமாகத்தான் கேட்கும். தப்பு தன் மேல்தான் என்று புதிதாகக் கற்பவர் நொந்துபோவார்.

கடையில் பார்க்க வேண்டியது 12-வது ஃப்ரெட்டை. அங்கே ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து, இருப்பதிலேயே தடிமனான கம்பியின் அடிப்பகுதி வரை ஸ்டீல் கம்பி கிட்டாரில் சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. நைலான் கிட்டாரில் 4 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. ஸ்கேல் இல்லையா? ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அந்த இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். ஸ்டீல் கிட்டாரில் அது கம்பியில் படாமல் சாவகாசமாக உள்ளே போனால், உயரம் ஜாஸ்தி.

அதற்காக அந்த கிட்டாரையே ஒதுக்க வேண்டியதில்லை. கம்பிகள் உட்காரும் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டின் அடியைத் தேய்த்தும், கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகியும் உயரத்தைக் குறைக்கலாம். இதற்கு 'செட்அப்' என்று பெயர். விலையில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லி பேரம் பேசுவதைவிட, செட்அப் செய்து கொடுக்கச் சொல்லிக் கேட்பது லாபம். ஆன்லைனில் வாங்கினால், அதற்கும் சேர்த்து கொஞ்சம் பணம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

நைலானா, ஸ்டீலா?

நைலான் கம்பி விரலுக்கு மென்மை. ஆனால் அந்த கிட்டாரின் கழுத்து அகலம் அதிகம், சின்னக் கைகளுக்குச் சிரமம். சினிமாப் பாடல்களுக்கு ஸ்ட்ரம் பண்ணுவதுதான் ஆசை என்றால் ஸ்டீலே போதும். வலி குறைய மெல்லிய, '10' அளவுக் கம்பி மாட்டச் சொல்லலாம். ஒன்று மட்டும் கூடாது: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. அதன் இழுவிசையில் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடலாம்.

எட்டு, பத்து வயதுக் குழந்தைக்கு முக்கால் சைஸ் எடுக்கலாம். 'சாலிட் டாப்' என்று விற்பனையாளர் ஆசை காட்டுவார். அதில் ஒலி நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரப்பதம் மாறினால் சீக்கிரம் பாதிக்கப்படும். சென்னை போன்ற கடலோர ஊரில், முதல் கிட்டாருக்கு பிளைவுட் மேற்பலகையே தாராளம். எதுவானாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், பசை விட்டுப்போகும்.

முதல் மாதம் என்ன செய்வது?

தினமும் சுருதி சேர்க்காமல் தொடங்கக் கூடாது. இதற்கு மொபைலில் இலவச ட்யூனர் ஆப்கள் இருக்கின்றன. பிறகு இரண்டே விரல் தேவைப்படும் ஈ மைனர் கார்டு, அடுத்து ஏ மைனர். இந்த இரண்டுக்கும் மாறி மாறிப் போவதுதான் முதல் வாரப் பாடம். விரலை ஃப்ரெட்டின் மேல் வைக்காமல், அதை ஒட்டிப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினம் 15 நிமிடம் மேல். இரண்டு, மூன்று வாரத்தில் விரல் நுனி காய்த்துவிடும். நுனி வலித்தால் சகஜம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட்டு, பிடிக்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

கிட்டார் எடுத்ததும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'என் இனிய பொன் நிலாவே'தான். அதில் விரல்களால் தனித்தனியாக மீட்டும் பகுதி புதியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். அதே பாட்டை முதலில் கார்டு மட்டும் வாசித்துப் பாடிக்கொண்டிருக்கலாம், யாரும் கேஸ் போடமாட்டார்கள்.

பலர் கிட்டாரைக் கீழே வைக்கும் இடம் எஃப் கார்டு. ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். வரவே இல்லையென்றால், முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டி, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே பிடியைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் 'நட்' உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். கிட்டாரைக் கடைக்கு எடுத்துப்போய், நட்டின் பள்ளங்களைக் கொஞ்சம் ஆழப்படுத்தித் தரச் சொன்னால் சரியாகிவிடும்.