கடற்காட்சியும் காற்றாலையும்: மன்னார்த் தீவு மக்கள் அறிய வேண்டிய உரிமைகள்

பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளத்துக்குக் குன்றோ மேடோ இன்றித் தட்டையாகக் கிடக்கும் மன்னார்த் தீவில், அண்மைக்காலம் வரை தலைநிமிர்ந்து நின்றவை பனைகளும் ஆலயக் கோபுரங்களும் தலைமன்னார் வெளிச்சவீடுமே ஆகும். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்கா, தென்கரையோரம் நிறுவப்பட்ட 30 காற்றாலைகளாலும் 103.5 மெகாவாட் திறனாலும் நாட்டின் மின்வழங்கலுக்கு வலுவூட்டியதோடு, அந்தக் காட்சியையும் மாற்றிவிட்டது. அங்குள்ள காற்றாலையின் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீட்டர். பனை ஓங்கி வளர்ந்தாலும் 30 மீட்டரை எட்டுவது அரிதாகையால், ஓர் இறக்கை மட்டுமே இரண்டு பனை உயரத்துக்கு நீள்கிறது.

நிலக்கரியையும் டீசலையும் எரிப்பது குறைய வேண்டுமாயின் காற்று மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடற்காட்சி என்பது சுற்றுலா வருவோரின் கண்ணுக்கு விருந்து மட்டுமே என்று ஒதுக்குவது பெரும் பிழையாகும். தமிழர் வாழும் கரையோரங்களில் மரபுவழி மீன்பிடிப்போர், கரையிலுள்ள பனங்கூடலையும் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்துத் தாம் நிற்கும் இடத்தைக் கணித்து வந்துள்ளனர். அவர்களுக்குக் கரையின் தோற்றமே வரைபடம். 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நிலக்காட்சி உடன்படிக்கையும், நிலக்காட்சியை மக்கள் உணரும் விதத்தைக் கொண்டே வரையறுக்கிறது.

இத்தகைய மாற்றத்தை அளக்கும் முறை காட்சித் தாக்க மதிப்பீடு எனப்படும். கட்டமைப்பு எங்கெங்கிருந்து தென்படக்கூடும் என்பதை நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் புவியின் வளைவையும் கொண்டு வரைவது இதன் முதற்படி. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்தாலும், 150 மீட்டர் உயரமுள்ள கட்டமைப்பின் நுனி, வானம் தெளிந்த நாளில் 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியக்கூடும். ஆகவே தட்டையான இத்தீவில், மரமோ கட்டடமோ மறைத்தாலன்றி, எந்த ஊரும் அந்தப் பார்வைக்குத் தப்பாது. அடுத்து, கட்டுமானத்துக்குப் பிந்திய தோற்றத்தைக் காட்டும் ஒட்டுப்படங்கள் தயாரிக்கப்படும். மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே: அகல்கோண வில்லையால் எடுத்த படத்தில் தொலைவிலுள்ள காற்றாலை, கண்ணால் காண்பதைவிடச் சிறுத்தே தோன்றும். படம் எந்த வில்லையால், எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, வள்ளங்கள் இறங்கும் துறையும் ஆலய முற்றமும் சேர்க்கப்பட்டனவா, இரவில் எரியும் செந்நிற எச்சரிக்கை விளக்குகள் காட்டப்பட்டனவா, ஏற்கெனவே நிற்கும் காற்றாலைகளோடு புதியவையும் சேரும் கூட்டுத் தாக்கம் கணிக்கப்பட்டதா என்று கேட்பது முறையான கேள்வியேயன்றி வளர்ச்சிக்குத் தடை அன்று.

காட்சியின் பொருட்டே ஒரு திட்டம் நிராகரிக்கப்பட்டதும் உண்டு. இங்கிலாந்தில் டோர்செட் கரைக்கும் வைட் தீவுக்கும் எதிரே கடலில் அமையவிருந்த 970 மெகாவாட் நேவிட்டஸ் பே திட்டத்துக்கு, உலக மரபுரிமைக் களமான ஜுராசிக் கரை உள்ளிட்ட பகுதிகளின் கடற்காட்சி கெடும் என்பதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு, 2015 செப்டம்பரில் அந்நாட்டு அரசு அனுமதி மறுத்தது.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்னுற்பத்தித் திட்டங்கள் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்பட்டவை. இதிலுள்ள இடைவெளி கவலைக்குரியது: சிறு திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, ஒவ்வொன்றும் எல்லைக்குள் அடங்கிவிட, தீவு முழுவதன் சுமையை எவரும் எடைபோடாமல் போகலாம். எனினும், சராசரி உயர்நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரையுள்ள கரையோர வலயத்தில் மேற்கொள்ளும் அபிவிருத்திக்குக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ்த் தனி அனுமதி தேவை.

முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்பட்டு, வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் அறிவிக்கப்பட வேண்டும். அக்காலத்துள் எவரும் எழுத்தில் கருத்துரைக்கலாம். மாற்று இடங்களும் அவை கைவிடப்பட்ட காரணங்களும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. மறைக்கப்பட்ட ஆவணங்களை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், காரணம் கூறாமலே, கோரலாம். சட்டத்துக்குப் புறம்பான அனுமதியை மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணை வழியாக எதிர்க்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அதற்குரிய காலம் ஒரு மாதமே. ஆகையால் தமிழ் நாளிதழில் அறிவித்தல் வெளியான நாளைக் குறித்துவைத்து, அன்றே அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுவது ஊர்ச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் தவறாது செய்ய வேண்டிய பணியாகும்.